மகுடமில்லாதவளே சாட்சி!

ஜெயித்தவர்கள் மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

ரிட்டயர்ட் புரொபசர் அச்சுதன் அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு செத்துக் கிடந்தார்!

மாடம்பாக்கத்தில், அவருடைய சொந்த வீட்டு ஹாலில். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. பக்கத்தில் பளிங்கு அடி வைத்த கோப்பை ஒன்று உருண்டு கிடந்தது. 'வாக்கர்ஸ் கிளப் - சிறந்த நடையாளர்' என்று அதில் பொறித்திருந்தது.

இனி மனுஷன் எங்கே நடக்க!

"ஐயையோ... சாரே!"

வீட்டு வேலைக்கு வந்த புஷ்பம் போட்ட அலறலில், காலனி ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த குடியரசு தினப் பாட்டே நின்று போனது.

மேற்குத் தாம்பரத்தில் போன் அடித்தது.

'யூனிஸ் ஷீல்ட்ஸ்' கடை. கோப்பை, ஷீல்டு, மெடல்... பள்ளிக்கூட விளையாட்டு விழா என்றால் தாம்பரத்தில் முதலில் இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். முதலாளி யூனிஸ், முப்பத்தைந்து வயது. டிசைன் போடுவது, அச்சு வெட்டுவது, ரிப்பன் கோப்பது எல்லாம் அவள்தான். வாடகை கேட்டு வருகிறவனைத் தவிர யாருக்கும் பயப்படாதவள்.

"ஹலோ, யூனிஸ்ங்கிறது?"

"நான்தான். எந்த ஸ்கூல்?"

"போலீஸ்!"

யூனிஸின் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"அச்சுதன்னு யாரையாவது தெரியுமா?"

"புரொபசர் சாரா? போர்ச்சுக்கல் ராணுவ மெடல் சேர்க்கிறவர். என் கஸ்டமர்."

"நேத்து வரைக்கும். யாரோ மண்டையில அடிச்சுக் கொன்னுட்டாங்க. உடனே கிளம்பி மாடம்பாக்கம் வாங்க."

ரிப்பன் அரை நூல் தள்ளியிருந்தால்கூட சண்டைக்கு நிற்கும் மனுஷன். சண்டை முடிந்ததும் ஃபில்டர் காபி கொடுக்கும் மனுஷன். அவரைப் போய் யார்...?

ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அப்புறம் இன்னொரு தடவை.

புரொபசர் வீட்டு வாசற்படியில் புஷ்பம் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலீலயே அபசகுனம்க்கா! காலனில கொடி தலகீயா ஏறிச்சி. பச்ச மேல, காவி கீய! அல்லாரும் கத்துறாங்கோ. கட்டினவரு அந்த விங்கு சாரு. திட்டு வாங்கினவன் வாட்ச்மேன். அப்பவே நெனச்சேன், இன்னாமோ நடக்கப் போவுதுன்னு..."

யூனிஸ் அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

உடலின் மேல் வெள்ளைத் துணி. அதன் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் கேசவன். அவர் பக்கத்தில் நீல பிளேசர் போட்ட ஆசாமி, முறுக்கிய மீசை, இடது மார்பில் வரிசையாக மெடல்கள். விங் கமாண்டர் உமேஷ், ஓய்வு. இந்தியா மேல் பறந்த போர் விமானத்தில் பாதியை இவர்தான் ஓட்டினார் என்று காலனி முழுக்கத் தெரியும். இவரே சொன்னதுதான்.

"இந்தப் பொண்ணுதான் இன்ஸ்பெக்டர்! அரெஸ்ட் ஹெர்!"

"காலை வணக்கம் சார்" என்றாள் யூனிஸ்.

கேசவன் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ரிப்பனோடு ஒரு மெடல். "செத்தவர் கையில இருந்தது. யார் பண்ணது?"

"நான்தான். இது காப்பி. எக்ஸிபிஷன்ல வைக்கிறதுக்காக கேட்டார். நேத்து காலையில கொண்டு வந்து குடுத்தேன்."

"பாத்தீங்களா!" உமேஷ் துள்ளினார். "இங்க இருக்கிற கண்ணாடிப் பெட்டியில ஒரிஜினல் இருந்தது. இப்ப பெட்டி காலி! நேத்து சாயங்காலம் இவ ஸ்கூட்டர் வாசல்ல நின்னதை நான் பாத்தேன். ஒரிஜினலை எடுத்துட்டு டூப்ளிகேட்டை வெச்சிருக்கா. அச்சுதன் கண்டுபிடிச்சுட்டான். உடனே கோப்பையால போட்டுட்டா. அந்தக் கோப்பையும் இவ கடைச் சரக்குதான்!"

"சாயங்காலம் நான் கடையில இருந்தேன்."

"சாட்சி?" என்றார் கேசவன்.

"தனியாத்தான் ரிப்பன் கோத்துக்கிட்டிருந்தேன்."

"கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்!"

கேசவன் தலையைச் சொறிந்தார். "போர்ச்சுக்கல்காரன் மெடலுக்காக மாடம்பாக்கத்துல கொலையா? அப்படி என்னய்யா அதுல இருக்கு?"

"கேம்பெய்ன் மெடல், இன்ஸ்பெக்டர்" என்றார் உமேஷ். "போருக்குப் போய்ட்டு வந்த சிப்பாய்க்குக் குடுக்கிறது. ரிப்பன் மேல ஒரு உலோகப் பட்டை இருக்கும். எந்த ஊர்ப் போர், எந்த வருஷம்னு அதுல இருக்கும். இதுல 'மொசாம்பிக் 1914-1918'. கோவாக்காரர் ஒருத்தர், ராணுவ டாக்டர், அவருக்குக் கிடைச்சது. சேகரிக்கிறவங்க இதுக்காக சொத்தை வித்துட்டு வருவாங்க!"

"இதுல இருக்கிற பொம்பளை யாரு? ராணியா?"

"ராணி இல்ல சார்" என்றாள் யூனிஸ். "முன்னாடி மெடல்ல ராஜா ராணி மூஞ்சியத்தான் போடுவாங்க. 1910-ல ராஜாவையே நாட்டை விட்டுத் துரத்திட்டாங்க. அப்புறம் 1916-ல இந்த மெடல் வந்தப்போ யார் மூஞ்சியப் போடுறது? குடியரசையே ஒரு பொம்பளையாக்கிப் போட்டாங்க. ரிப்பனும் புதுக் கொடியோட கலர், பச்சையும் சிவப்பும். 'இவளுக்கு மகுடம் கெடையாது யூனிஸ், அதான் யாருக்கும் தலை குனிய மாட்டா'ன்னு சார் அடிக்கடி சொல்வார்..."

குரல் உடைந்தது. உடைந்த குரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றார் கேசவன். "நீ அந்த ஸ்டூல்ல உக்காரு."

"நிக்கிறேன் சார்."

"உக்காருன்னு சொன்னேன்!"

"குத்தவாளிதான் சார் உக்காந்து பதில் சொல்லணும். நான் நின்னே சொல்றேன். கேளுங்க."

உமேஷ் பல்லைக் கடித்தார். "திமிரைப் பாருங்க! இவ கடையைச் சோதனை போடுங்க. ஒரிஜினல் அங்கதான் இருக்கும்!"

யூனிஸ் சட்டென்று கேசவனைப் பார்த்தாள்.

கடைக்கு மட்டும் போகக்கூடாது. போனால் அவள் கதை முடிந்தது. கொலைப் பழி கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். வெளியே ஜீப் உறுமியது. கேசவன் கான்ஸ்டபிளைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார். அந்தக் கவரை வெளிச்சத்துல காட்டுங்க."

"எதுக்கு?"

"கையில விலங்கு மாட்டுறதுக்கு முன்னாடி கடைசி ஆசையா வெச்சுக்கோங்களேன்!"

கேசவன் ஜன்னல் பக்கம் கவரைத் தூக்கினார். யூனிஸ் பார்த்தாள்.

அவள் கண்கள் விரிந்தன.

அது...!

"சார்... இந்த மெடலுக்கு ரிப்பன் கட்டினது நான் இல்ல. நான் வெறும் உலோகமாத்தான் குடுத்தேன். ரிப்பனைத் தானே கட்டணும்னு சார் சொல்லிட்டார்."

"அப்போ அவரே கட்டியிருப்பார்."

"செத்தாலும் கட்ட மாட்டார்! இது தப்பான ரிப்பன்!"

"என்ன தப்பு?"

"சொல்றேன்." அவள் புரொபசரின் மேஜை டிராயரைத் திறந்தாள். இரண்டு ரிப்பன் ரோல்களை எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உமேஷ் பக்கம் திரும்பினாள். "விங் கமாண்டர் சார், உங்களுக்குத் தெரியாத மெடலா? இந்த ரெண்டு ரோலுக்கும் என்ன வித்தியாசம்னு இன்ஸ்பெக்டருக்குச் சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லுங்களேன்" என்றார் கேசவன். "தெரிஞ்சுக்கிறேன்."

உமேஷ் குனிந்தார். ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். மீசையின் ஒரு முனை மெல்ல இறங்கியது.

"இது கொஞ்சம் அழுக்கா இருக்கு... பழைய ரோல். அது புதுசு. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்."

கேசவன் ரோல்களைப் பார்த்தார். உமேஷைப் பார்த்தார். மறுபடியும் ரோல்களைப் பார்த்தார்.

"இன்னா சார், கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?" வாசற்படியிலிருந்து புஷ்பத்தின் குரல். "அது பச்சையில செவப்புக் கோடு. இது செவப்புல பச்சக் கோடு. எம்மாந்தூரத்துல குந்திகினு நானே சொல்றேன்!"

"கரெக்ட் புஷ்பம்க்கா!" யூனிஸ் நிமிர்ந்தாள். "மொதல் தடவை ரிப்பன் நெய்யக் குடுத்தப்போ நெசவுக்காரன் கலரைத் தலைகீழா மாத்திட்டான் சார். பச்சை வர்ற எடத்துல சிவப்பு, சிவப்பு வர்ற எடத்துல பச்சை. நானும் புரொபசரும் சேர்ந்துதான் அதை வேணாம்னு ஒதுக்கினோம். அவரு கட்ட மாட்டார், நான் கட்ட மாட்டேன். காப்பியில அந்த ரிப்பனைக் கட்டினது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். ஒரிஜினல் மாதிரியே தெரியணும்னு அவசரமாக் கட்டின ஆள்!"

"நான்சென்ஸ்! எனக்கு வயசாச்சு... கண்ணாடி எடுத்துட்டு வரல..."

"காலையில கொடியைக் கட்டினப்பவும் கண்ணாடி எடுத்துட்டு வரலியா சார்? பச்சை மேல போச்சாமே!"

உமேஷின் நெற்றியில் வேர்வை.

"உங்க மெடலுக்கு ரிப்பன் வாங்க என் கடைக்கு வருவீங்க. ஒரு தடவைகூட கலர் சொன்னதில்ல. 'நீயே பாத்துப் போடும்மா'ன்னுட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு நிப்பீங்க. பெரிய மனுஷன், நம்பிக்கைன்னு நெனச்சேன். இன்ஸ்பெக்டர் சார், உங்களுக்குத் தெரியாததா... சிவப்பு பச்சை தெரியாதவனை விமானம் ஓட்ட விடுவாங்களா?"

கேசவனின் பார்வை பிளேசர்மேல் இருந்த மெடல் வரிசையில் ஊர்ந்தது. தாம்பரத்தில் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தன் இத்தனை வருஷம் இதைக் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறான்!

"விங் கமாண்டர் சார், உங்க சர்வீஸ் நம்பர் சொல்லுங்க."

"அது... வீட்ல இருக்கு..."

"சர்வீஸ் நம்பர் வீட்லயா இருக்கும்? மனப்பாடமா இருக்கணுமேய்யா!"

உமேஷ் ஓடினார்!

வாசல்வரைதான். படியில் உட்கார்ந்திருந்த புஷ்பம் அலட்டிக்கொள்ளாமல் காலை நீட்டினாள். விங் கமாண்டர் ஒரு நொடி நிஜமாகவே பறந்தார். அப்புறம் முகம் குப்புற இறங்கினார். மெடல்கள் எல்லாம் கலகலவென்று ஒலித்தன. பிளேசரின் உள்பாக்கெட்டிலிருந்து ஒன்று மட்டும் நழுவி, ஹாலுக்குள் உருண்டு வந்து யூனிஸின் காலடியில் விழுந்தது.

மகுடமில்லாத பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கான்ஸ்டபிள்கள் உமேஷைத் தூக்கி நிறுத்தினார்கள். உதட்டில் ரத்தம். மீசை இப்போது இரண்டு பக்கமும் தொங்கியது.

"எதுக்குய்யா கொன்னே?"

"கொல்லணும்னு வரல..." உமேஷ் மூச்சு வாங்கினார். "மெடலை வாங்க கேளம்பாக்கத்துல ஒரு பார்ட்டி ரெடியா இருந்தான். காபி போட அச்சுதன் கிச்சனுக்குப் போனான். அந்த கேப்புல, டிராயர்ல இருந்த ரிப்பனை டூப்ளிகேட்டுல கட்டி மாத்திட்டேன். திரும்பி வந்தவன் பெட்டியைத் திறந்து மெடலைக் கையில எடுத்தான். சிரிச்சான்! 'சிவப்பு பச்சை தெரியாத நீ எந்த ஊரு பைலட்டுடா? காலனிக்கே சொல்றேன்'னு சிரிச்சுக்கிட்டே திரும்பினான். அந்தச் சிரிப்பு... கையில கோப்பை கிடைச்சுது."

யூனிஸ் அவர் எதிரே போய் நின்றாள்.

"என் கோப்பையை எடுத்து, என் கஸ்டமரைக் கொன்னுட்டு, என்னையே ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களே! நான் அழுவேன், கால்ல விழுவேன்னுதானே நெனச்சீங்க? புரொபசர் சாருக்காக அழுவேன். வீட்டுக்குப் போய் அழுவேன். உங்க முன்னாடி ஒரு சொட்டு விட மாட்டேன்!"

உமேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேசவன் கைக்குட்டையால் மெடலை எடுத்தார். "அப்பாடா! ஒரிஜினலும் கிடைச்சுது, ஆளும் கிடைச்சான்."

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"ஒரிஜினல் கிடைக்கல." யூனிஸ் மேஜையிலிருந்த லென்ஸை எடுத்து நீட்டினாள். "அந்தப் பொம்பளையோட முடியைப் பாருங்க. காதுக்குப் பின்னாடி, மூணாவது சுருள்."

கேசவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முடிச் சுருளோடு சுருளாக, கடுகளவில் ஓர் எழுத்து.

"இது... தமிழ் 'யூ' ஆச்சேம்மா!"

"யூனிஸ்ல வர்ற 'யூ'. நான் பண்ற காப்பியில எல்லாம் போடுவேன். நாளைக்கு எவனும் இதை ஒரிஜினல்னு சொல்லி விக்கக் கூடாதில்ல?"

"பொய்!" உமேஷ் அலறினார். "பெட்டிக்குள்ள இருந்தது ஒரிஜினல்! நான் பெட்டியில இருந்துதான் எடுத்தேன்!"

"பெட்டியில இருந்ததும் என் சரக்குதான் சார். போன மாசமே புரொபசர் என்கிட்ட ஒண்ணு பண்ணச் சொல்லி, சரியான ரிப்பன் கட்டி உள்ள வெச்சுட்டார். ஏன்னு கேட்டேன். 'உமேஷோட பார்வை சரியில்ல'ன்னார்." யூனிஸ் பெருமூச்சு விட்டாள். "எந்த அர்த்தத்துல சொன்னாரோ... ரெண்டு அர்த்தமும் சரியாப் போச்சு!"

டூப்ளிகேட்டை எடுத்துவிட்டு டூப்ளிகேட்டை வைத்த டூப்ளிகேட் விங் கமாண்டர், வாய் பிளந்து நின்றார். அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள்.

"சரி... அப்போ நிஜமான மெடல்?" என்றார் கேசவன்.

"என் கடையில இருக்கு."

"என்னது! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா என்னை விட்டிருப்பீங்களா சார்?"

கேசவன் யோசித்தார். நேர்மையான மனுஷன்தான். "விட்டிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து தாம்பரத்தில் ஷட்டர் ஏறியது. சுவர் முழுக்க மெடல்கள். ஓட்டப்பந்தயம், கபடி, மாறுவேடப் போட்டி... லெமன் அண்ட் ஸ்பூன் இரண்டாம் பரிசுக்கும் சாக்கு ஓட்டம் மூன்றாம் பரிசுக்கும் நடுவே, பச்சையில் சிவப்புக் கோடு போட்ட ரிப்பனில், தலை குனியாமல் தொங்கிக்கொண்டிருந்தாள் மகுடமில்லாதவள்.

"அடிப்பாவி! இப்படித் திறந்து போட்டா வெச்சிருந்தே?"

"புரொபசர் ஐடியா சார். பீரோவை உடைக்கிறவன் உண்டு. லெமன் அண்ட் ஸ்பூன் மெடலைத் திருடுறவன் உண்டா?"

"அது சரிம்மா... யாராவது கஸ்டமர் காசு குடுத்து வாங்கிட்டுப் போயிருந்தா?"

"போன வாரம் ஒரு பி.டி. டீச்சர் கையில எடுத்துட்டாங்க சார்" என்றாள் யூனிஸ், மெடலை மெல்லக் கழற்றியபடி.

"ஐயோ! அப்புறம்?"

"'ரிப்பன் கலர் பிடிக்கல'ன்னு வெச்சுட்டுப் போய்ட்டாங்க!"