பதினேழாம் இலக்க எலி மிதக்கவில்லை

பதினேழாம் இலக்கச் சுண்டெலி ஆறு நிமிடமும் நீந்தியது. ஒரு விநாடிகூட மிதக்கவில்லை. அந்த வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் ஹுஸ்னியா அப்படி ஓர் எலியைக் கண்டதில்லை.

கண்ணாடிக் குடுவையில் பாதிக்குத் தண்ணீர், அதற்குள் எலி, ஆறு நிமிடச் சோதனை. முதல் இரண்டு நிமிடம் எல்லா எலிகளும் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி நீந்தும். வெளியே போக வழியில்லை என்று விளங்கியதும் கால்களை ஓயவிட்டு, மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு சும்மா மிதக்கும். அந்தச் சும்மா மிதக்கும் விநாடிகளைத்தான் அவள் எண்ணி எழுத வேண்டும். கொலஸ்ட்ரோல் மருந்துக் குளிசையைக் கரைத்துக் கொடுத்த எலிகள் குறைவாக மிதந்தால், அந்தக் குளிசை மனச்சோர்வுக்கும் உதவக்கூடும் என்பது பரமநாதன் சேரின் ஆராய்ச்சி. எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் சீனித்தண்ணீர் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

ஆராய்ச்சிக்கூடம் என்றாலும் முருங்கனில் ஒரு வாடகை வீட்டின் பின்னறைதான் அது. மரத்தூளும் எலிமூத்திரமும் கலந்த வெக்கை. வெளியே நெல்மூடை ஏற்றும் லொறிகளின் உறுமல். உள்ளே அந்தச் சின்னக் கால்களின் சளக், சளக். ஹுஸ்னியா தன் கணவனை நினைத்துக்கொண்டாள். போன வருடம் படகு கவிழ்ந்து தன் தம்பி பைசரோடு கடலில் விழுந்தவன் நிப்ராஸ். கரைக்கு வந்தது அவன் மட்டும். அன்றிலிருந்து எருக்கலம்பிட்டி வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே கிடக்கிறான்.

"நீ குடிச்சது என்னண்டாலும், அதுல கொஞ்சம் என்ட மனுசனுக்கும் கிடைக்கட்டும்," என்றாள் எலியிடம்.

பள்ளியில் மதியத் தொழுகை லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். வழக்கமாக எலியைத் தூக்கித் துடைத்து, பல்ப்புச் சூட்டில் வைத்துவிட்டுத்தான் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போவாள். அன்று பூச்சியம் என்று எழுதிய சந்தோஷத்தில் அப்படியே எழுந்து போய்விட்டாள். தொழுது ஸலாம் கொடுத்தபோதுதான் நினைவு வந்தது. ஓடினாள்.

சளக், சளக், சளக்.

இருபத்தைந்து நிமிடம் கழிந்திருந்தது. அவள் அள்ளி எடுத்தபின்பும் உள்ளங்கையில் அதன் கால்கள் ஓயவில்லை. துடைத்த துவாயிலும் ஓயவில்லை. கூட்டுக்குள், காய்ந்த மரத்தூளில் வயிறு தேய, அது நீந்திக்கொண்டே இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒழுங்கு தவறிய எலியின் கணக்கைச் சேர் நீக்கிவிடுவார். இந்தக் கணக்கு நிற்க வேண்டும். இந்த மருந்து வெல்ல வேண்டும்.

மறுநாள் வீட்டிலிருந்து நிப்ராஸின் அழைப்பு.

"ஹுஸ்னியா, நான் எழும்பிட்டன். முற்றமும் கூட்டிட்டன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான்கு நாளில் வீடே மாறிப்போனது. நிப்ராஸ் கிணற்றில் தண்ணீர் அள்ளினான், கிழிந்த வலை பொத்தினான், பொத்திய வலையை அவிழ்த்து மறுபடி பொத்தினான். பக்கத்து வீட்டு சபூரா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னடி, மாப்பிள்ளைக்கு எலிமருந்தா குடுத்தனீ? என்ட மனுசனுக்கும் ஒரு போத்தல் கொண்டு வா! பத்து மணியாகியும் குறட்டை விடுறார்."

ஹுஸ்னியா சிரித்தாள். ஆனால் அவன் தூங்கும்போதும் போர்வைக்குள் அவன் குதிகால்கள் மெத்தையை உரசின. சர். சர். விடியும்போது தலையணை நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

ஐந்தாம் நாள் மதியம் சேர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"பதினேழுக்கு நான் மருந்தே குடுக்கேல்லப் பிள்ளை. வெறும் சீனித்தண்ணி. நீர் வடிவா எண்ணினனீரோ?"

"ஓம் சேர்."

"அதை ஒருக்காக் கொண்டு வாரும், பாப்பம்."

பின்னறையில் வாடை மூக்கில் ஏறியது. பதினேழாவது செத்துக் கிடந்தது. விறைத்து, கண் குழிந்து. அந்தக் கூட்டுப் பக்கம் பார்க்கப் பயந்து இரண்டு நாளாக விலகி நடந்திருந்தாள்; செத்து ஒரு நாளாவது இருக்கும். ஈக்கள் மொய்த்தன. காலில் மட்டும் ஈ உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. கால்கள் அசைந்துகொண்டிருந்தன.

அவள் சேரிடம் திரும்பவில்லை. கைப்பையையும் எடுக்கவில்லை. தெருவில் வந்த பஸ்ஸை மறித்து ஏறினாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பின்னேரத்து அஸர் வெயில் சீமெந்து நிலத்தில் நீளமாக விழுந்திருந்தது. காய்ந்த நிலம். எங்கும் ஒரு சொட்டு ஈரமில்லை.

சளக்.

உள்ளறையிலிருந்து.

சளக். சளக்.

நிப்ராஸ் அறையின் நடுவில் இருந்தான். நிற்கவில்லை. அவன் கால்விரல்கள் நிலத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தன. கால்கள் மாறி மாறி உதைத்தன. இடுப்பில் உடுத்திருந்த சாரத்தின் விளிம்பு அவனைச் சுற்றி வட்டமாக விரிந்து மெல்ல அலைந்தது. மோவாயை உயர்த்தி, வாயை மேலே வைத்திருந்தான்.

"காலை ஓய விடுங்க," என்றாள். கிட்டப் போய் மறுபடி சொன்னாள். "அல்லாஹ்வுக்காக ஓய விடுங்க. படுத்தே கிடங்க. நான் பாக்கிறன்."

"அண்டைக்கு ஓய்ஞ்சிட்டன் புள்ள." அவனுக்கு மூச்சு வாங்கியது. "களைச்சுப்போய்க் கொஞ்ச நேரந்தான் சும்மா மிதந்தனான். அதுக்குள்ள தம்பிட பிடி என்ட கழுத்தில இருந்து வழுகிட்டுது. இனி ஓயமாட்டன்."

தண்ணீரில் திரும்புவதைப்போல மெதுவாக அவன் திரும்பினான்.

அவன் கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள். வெளிறி ஊதிய கைகள். மீன் கொத்திய விரல்கள், ஒன்றோடொன்று இறுகக் கோத்தபடி.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து ஈரத் தலையொன்று மெல்ல எழும்பியது. மூச்செடுக்க வாயைத் திறந்தது.