மோரில் கலந்த பொடி

"எம் புள்ளைக்கு மருந்து வெச்சவ கையால பச்சத்தண்ணி கூட குடுக்கக் கூடாது" என்று விடிந்ததும் விடியாததுமாக மருமகள் அமிர்தத்தின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள் சாலம்மாள்.

மருமகள் மோரில் ஏதோ பொடியைக் கலக்கியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். மகன் இருசப்பனின் முகமும் பூசணிக்காயாய் ஊதியிருந்தது. புருஷனை வசப்படுத்த இடுமருந்து வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டி, மலையடிவாரத்து மந்திரவாதியிடம் கூட்டிப்போய் அவன் வயிற்றிலிருந்து அந்த மருந்தை எடுக்க வைத்தாள். வீட்டிலிருந்த மாத்திரைகளை எருக்குழியில் கொட்டினாள். சில வாரங்களில் முகம் வடிந்ததும் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

அமிர்தம் என்ன செய்வாள், பாவம்! அவள் மோரில் கலக்கியது டாக்டர் கொடுத்த மாத்திரையின் பொடி. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி இதயத்தைக் கெடுக்கின்றன, மாத்திரையால் முகம் ஊதினாலும் அதை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் புருஷனுக்கும் மட்டுமே தெரியும். மூத்த மகனைப் பறிகொடுத்த அம்மா இதைத் தாங்கமாட்டாள், சொல்லக் கூடாது என்று மகள் மணிமொழியின் தலைமேல் சத்தியம் வாங்கியிருந்தான் இருசப்பன். மாத்திரை போனபோதும், அம்மா மனசு ஆறட்டும் என்று அசட்டையாக இருந்துவிட்டான்.

மாத்திரை நின்று சில மாதங்களில் ஒரு நாள், அவனால் படுக்கவே முடியவில்லை. கால் வீங்கி மூச்சு இழுத்தது. இட ஒதுக்கீட்டு மறியலில் பஸ் ஓடவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி உளுந்தூர்பேட்டைக்குக் கிளம்பினால், களமருதூரைத் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் வெட்டிக் கிடந்தது.

"இவ வெச்ச மருந்துதான் திரும்பவும் வேல செய்யுது" என்று சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அமிர்தம் வாய் திறக்கப் போனாள்... மகளின் முகம் நினைவில் வர, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இருசப்பன் அம்மாவின் கையைப் பிடித்தான். "அவ ஒண்ணும் வெக்கலம்மா. எனக்கு இதயத்துல கோளாறு... நாந்தான் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேன். நீ கொட்டின மாத்திரதான் என்ன உசுரோட வெச்சிருந்திச்சி."

அமிர்தம் மாமியாரைத் திரும்பியும் பார்க்காமல் மறியல்காரர்களிடம் ஓடிப்போய்க் கும்பிட்டாள். நாலு பேர் அவனைத் தூக்கி மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற டிராக்டரில் கிடத்தினார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் மூச்சு சீரானது. கெட்ட இதயம் பழையபடி ஆகாது, மாத்திரையை விடாமலிருந்தால் உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். சாலம்மாள் மாத்திரையோடு மோர் டம்ளரை மருமகளிடம் நீட்டினாள்.

"நீயே கலக்கிக் குடும்மா."

அமிர்தம் உடனே வாங்கவில்லை. "தெருவெல்லாம் சொன்னீங்களே அத்த... இத யார் கிட்ட சொல்லுவீங்க?"

சாலம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வூடு வூடா போய்ச் சொல்றேன்டி. நீயும் கூட வா. உன்ன பக்கத்துல வெச்சிக்கினே சொல்றேன்."

அப்புறம்தான் அமிர்தம் டம்ளரை வாங்கினாள்.