தளமிதி

புயலுக்கு முன் எல்லோரும் படகேறிக்கொண்டிருக்க, கமிலஸ் நான்காவது டிரம்மையும் தன் வீட்டு மரத்தளத்தில் நிறுத்தினார். குனிந்து வாளியால் கடலை மொண்டு ஊற்றினார். கடல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கீழ்வீடுகள் மூழ்கி வருடங்கள் ஆகிவிட்டன. மாடிச்சுவர்களில் பூட்டிய மரத்தளங்கள்தான் இப்போது தெரு.

“பாரம் கொறையக்கூடாதுல்லா,” என்றார். படகில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார். “இவளவிட இது கனம். ஆள் மாறுனதே ஆணிக்குத் தெரியாது.”

“டிரம்மாவது ஒங்க பேச்சக் கேக்கட்டும்,” என்றாள் மனைவி.

படகு சிரித்தது. பக்கத்துத் தளத்தில் நின்ற சிசிலி சிரிக்கவில்லை. அவள் கணவன் ரோச், தொடை எலும்பு முறிந்து உள்ளே படுத்திருந்தான்.

“அண்ணன இப்பம் எறக்க முடியாது மைனி,” என்றான் படகுக்காரன் சூசை. “படகு துள்ளுற துள்ளுக்கு நடுவுல தண்ணியில விட்டுருவோம். பெரிய படகோட பொழுது சாயுமுன்ன வந்திருதேன்.”

“காத்து அதுக்கு முன்ன வந்துட்டா?”

“வீட்டுக்குள்ள இருங்க. நீங்க மாட்டுன ஆணிதான? உங்களுக்கே பயமா?”

தெருவின் எல்லா ஆணிகளும் அவள் மாட்டியவை. உப்புக் காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. வேராணி தாங்கும். அது உயிருள்ளது. செங்கல் வரிகளுக்கு இடையே துளையிட்டு, தூசியை ஊதிவிட்டு, ஈரமான ஆணியைச் செருக வேண்டும். சுவரை ஒட்டிக் கிடக்கும் சட்டத்தை அதில் பூட்டி, சட்டத்தின் மேல் பலகைகளை ஏற்ற வேண்டும். பாரம் இழுக்க இழுக்க ஆணி சுவருக்குள் வேர்விடும். பழைய சுண்ணாம்பைத் தின்று அந்த இடத்தில் தானே நிறையும்.

புது ஆணியின் மேல் மணல்மூட்டையை ஏற்றி அசையாமல் விடுங்கள் என்றார்கள் விற்றவர்கள். இந்தத் தெருவில் யாரும் மூட்டை ஏற்றவில்லை. புதுத்தளம் போட்டால் தெருவே ஏறி மிதித்தது. பாட்டு, கைதட்டல், பிள்ளைகளின் குதிப்பு. தளமிதி என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மிதிபட்ட ஆணிகளில் வேர் விரல் தடிமனுக்கு ஓடியது. விற்றவர்கள் வந்து பார்த்து வியந்துவிட்டுப் போனார்கள்.

படகுகள் போயின. சிசிலி உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

தெரு ஓய்ந்தது. அந்த ஓய்வு அவளுக்குப் புதிது. வலைக்காரர்கள் விடியுமுன் நடப்பார்கள். பிறகு மீன்கூடைகள், பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள்கள். மிதி படாத நேரமென்று ஒன்று இருந்ததில்லை.

ரோச்சுக்குக் கஞ்சி புகட்டினாள். கரண்டி பாதி வழியில் நின்றது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலிருந்து அரிசி கொட்டுவதுபோல ஒரு சத்தம்.

“எலியா?” என்றான் ரோச்.

வெளியே போய்ப் பார்த்தாள். காலையில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்திருக்காது. இப்போது அவள் சுண்டுவிரல் நுழைந்தது. வெளியே எடுத்தபோது நுனியில் செங்கல் பொடி.

தளத்தின் கோடிவரை நடந்து மற்ற ஆணிகளைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். சத்தம் நின்றிருந்தது. விரலை வைத்தாள். நுழையவில்லை.

அவள் நின்றாள். சற்று நேரத்தில் அரிசி மறுபடி கொட்டத் தொடங்கியது.

நடந்தாள். சத்தம் நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மிதிக்கு வளர்ந்த வேர் மிதியால்தான் நீர் உறிஞ்சுகிறது. மிதி நின்றால் காய்கிறது. காய்ந்தால் சுருங்குகிறது. சுவருக்குள் இப்போது சுண்ணாம்பு இல்லை. வேர்தான் இருக்கிறது.

தளம் விழுந்தால் போகட்டும். ஆனால் அந்தச் சுவரின் கீழே ரோச் படுத்திருக்கிறான்.

“ஏட்டி, காத்தடிக்கப் போவுது. ஏன் கல்யாண வீட்டுக்காரி மாதிரி குறுக்கயும் நெடுக்கயும் நடக்குத?” ஜன்னல் வழியாக அவன் குரல் வந்தது.

“சும்மாதான்.”

“சும்மா நடக்குற ஆளா நீ? கட்டில இழுத்துப் போடணும்னா சொல்லு.”

“எங்க இழுக்க? நாலு சொவருலயும் வேருதான்.”

அவன் கை தலைமாட்டுச் சுவரைத் தடவியது. பிறகு மெதுவாகக் கேட்டான். “ஆணி விடுதா?”

“நடந்தா பிடிக்குது.”

மழை வந்தது. காற்று அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மிதித்தாள். எதிர்வரிசையில் ஒரு வீடு முன்பக்கமாகக் குனிந்தது. தளத்தைச் சுமந்தபடியே தண்ணீருக்குள் இறங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. இடியென்று அவள் நினைத்தவை இடிகள் அல்ல.

அப்போது ரோச் கத்தினான். “ஏட்டி, சத்தம் இந்தப் பக்கம்!”

கமிலஸ் வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுச்சுவர் பொது. அந்தப் பக்கம் நான்கு டிரம்களும் நிமிர்ந்து நின்றன. பாரம் இருந்தது. மிதி இல்லை. நடுச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

சிசிலி தாண்டிக் குதித்தாள். கால் வைக்க இடம் வேண்டி டிரம்களைச் சாய்த்துத் தண்ணீருக்குள் உருட்டிவிட்டு மிதித்தாள். கோடு நின்றது. அவளுக்குப் பின்னால் அவள் தளம் முனகியது. ஓடினாள். மிதித்தாள். திரும்ப ஓடினாள். இரண்டு வீட்டுக்கு இரண்டு கால் போதவில்லை.

கதவு திறந்தது. ரோச் தரையில் கிடந்தான். கட்டிலிலிருந்து தவழ்ந்து வந்திருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. மல்லாந்து படுத்தபடி நல்ல காலால் தளத்துப் பலகையை உதைத்தான்.

“அங்க போ,” என்றான். “இத நான் பாத்துக்கிடுதேன்.”

“எலும்பு...”

“போட்டி!”

அவள் போனாள். ஒவ்வொரு உதைக்கும் அவன் அலறுவது கேட்டது. அலறல் நின்றபோது ஓடிவந்தாள். அவன் மயங்கியிருந்தான். கன்னத்தில் அறைந்தாள். கண் திறந்தான். உதைத்தான்.

மழை ஓய்ந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. பெரிய படகு வந்தது. தெருவில் இரண்டு வீடுகள் நின்றன. மற்ற இடங்களில் தண்ணீர் கலங்கிச் சிவந்திருந்தது.

கமிலஸ் எழுந்து நின்றார். தன் வீட்டைப் பார்த்ததும் கைகூப்பினார். “எம் மாதாவே! டிரம்மு காப்பாத்திட்டு பாத்தியா!” என்று மனைவியிடம் சொன்னார். பிறகுதான் டிரம்கள் இல்லாததைப் பார்த்தார். தன் தளத்தில் சிசிலி நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

“மைனி, அண்ணன எறக்கலாம். நிறுத்துங்க,” என்றான் சூசை.

“முதல்ல ஆள் ஏறட்டும். ஏறி மிதிக்கட்டும். பொறகுதான் அவுகள எறக்கணும்.”

நடந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் கமிலஸ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் ஏறினார். அவர் மனைவி ஏறினாள். வீடில்லாதவர்கள் எல்லோரும் ஏறினார்கள். பலகைகள் அதிர்ந்தன. தளமிதி நாளைப்போலவே இருந்தது. பாட்டு மட்டும் இல்லை.

ரோச்சைப் பாயோடு தூக்கிப் படகில் இறக்கினார்கள். சிசிலியும் இறங்கினாள். அப்போதுதான் அவள் கால்கள் நின்றன.

“எப்பம் வரைக்கும் நடக்கணும் சிசிலி?” என்று மேலிருந்து கமிலஸ் கேட்டார்.

அவருக்கு வேறு வீடில்லை. அங்கே நின்ற யாருக்கும் வேறு வீடில்லை.

“நிக்காதீக அண்ணாச்சி,” என்றாள்.