இடதுகைத் தையல்

நேற்றுப் பிரித்துப்போட்ட தையல் இன்று மறுபடியும் இருந்தது.

அகாயிதி கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். சிவப்புத் துணியில் வெட்டிவைத்த இலை. அதன் நடுநரம்புக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குப் பன்னிரண்டு தையல். பன்னிரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அகாயிதி தைத்தால் வலப்பக்கம்தான் சாயும். மௌக்கே தீவில் ஊசி பிடிக்கிற பெண்கள் அத்தனை பேர் தையலும் வலப்பக்கம்தான் சாயும், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி, அக்கா இனங்காரோ, நான்கு மாதமாக முற்றத்தில் சிமெண்டுப் பலகைக்கு அடியில் கிடக்கிறாள்.

கண் பிசகியிருக்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஐம்பது தாண்டியவளுக்குப் பிரித்தது எது பிரிக்காதது எது என்று எப்படி நினைவிருக்கும்? கூரான கத்தரிக்கோலின் நுனியை விட்டுப் பன்னிரண்டையும் மறுபடி அறுத்தாள். வெள்ளிக்கிழமை விமானத்தில் மரேதா வருகிறாள். சனிக்கிழமை தேவாலயத்தில் கல்யாணம். அதற்குள் இந்தப் போர்வையில் அக்காவின் கை ஒரு தையல்கூட இருக்கக்கூடாது.

மரேதா அகாயிதி பெற்ற பெண். பெற்றதோடு சரி. அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்று பெரியவர்கள் கூடிப் பேசி, பிறந்த பதினோராம் நாளே குழந்தையை வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். தீவில் அது வழக்கம்தான், யாரும் யாருக்கும் கொடுமை செய்ததாகக் கணக்கில்லை. ஆனால் பத்தொன்பது வயது அகாயிதிக்கு அன்றைக்குப் பால் கட்டி, சட்டை நனைந்து, அடுத்த வீட்டில் அந்தக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வளர்ந்தபின் அது வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "சின்னம்மா" என்று கூப்பிட்டது. முப்பது வருடமாக அந்தச் சொல். கேட்டுக்கேட்டுக் காது காய்த்துப்போனது, நெஞ்சு காய்க்கவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஆக்லாந்திலிருந்து மரேதா தொலைபேசியில் பேசினாள். கல்யாணச் சேதி சொல்லிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சின்னம்மா, அம்மா எனக்குன்னு ஏதாச்சும் தைச்சு வெச்சிட்டுப் போனாங்களா?"

கல்யாணத்தன்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊரார் முன்னால் திவைவை போர்த்துவது தாயின் வேலை. ஆறு முழம் அகலத்துக்குப் பூவும் இலையும் வெட்டி ஒட்டி, கையால் தைத்த போர்வை. அதைப் போர்த்துகிறவள்தான் தாய், மற்றதெல்லாம் பேச்சு. அகாயிதியின் வாய் அவளைக் கேட்காமல் சொன்னது. "உங்கம்மா ஒண்ணும் வெக்கலடி. நான் தைச்சு வெச்சிருக்கேன்."

அப்படித் தைத்துவைத்தது ஒன்றும் இல்லை. ஐந்து வாரத்தில் புதிதாக ஒரு திவைவை வெட்டித் தைத்து முடிக்க முடியாது. ஆனால் அவள் பெட்டிக்கடியில் ஒன்று இருந்தது.

மற்றப் பெண்கள் பத்துப் பேராகக் கூடி உட்கார்ந்து, ஊர்வம்பு பேசியபடி தைப்பார்கள். இனங்காரோ அப்படியில்லை. எட்டு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தைத்தாள். புருஷன் போனபின் அக்கா வீட்டிலேயே வந்து தங்கிவிட்ட அகாயிதியைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. கத்தரிக்கோலைத் தொடமாட்டாள், நூலை உதட்டில் நனைத்து, பல்லால் 'டக்'கென்று கடித்துத் துண்டிப்பாள். சாவதற்கு முதல்நாள் தங்கையைக் கூப்பிட்டு, "இத என் மேல போத்தி அனுப்பு. வேற யாருக்கும் இல்ல," என்றாள். மகளுக்கும் இல்லையா என்று அகாயிதி கேட்டாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விமானத்தில் இடம் கிடைக்காமல் மரேதாவால் அடக்கத்துக்கு வரமுடியவில்லை. என் அக்காவை நானே போர்த்திக்கொள்கிறேன் என்று சொல்லி அகாயிதி எல்லாரையும் வெளியே அனுப்பினாள். வெளியே அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, உள்ளே கடையில் வாங்கிய கம்பளி ஒன்றை எடுத்து அக்காவின் மேல் சுற்றினாள். பெரிய புலிப்படம் போட்ட கம்பளி. சவப்பெட்டியின் மூடியைத் தானே சாத்தினாள். குற்றவுணர்ச்சி ஏதும் அன்று வரவில்லை. என் பிள்ளையை எடுத்துக்கொண்டாய், நான் உன் போர்வையை எடுத்துக்கொள்கிறேன், சரிக்குச் சரி என்றுதான் தோன்றியது.

இப்போது மிச்சமிருந்தது தையல் மட்டும்தான். இடப்பக்கம் சாய்ந்த தையலைத் தேவாலயத்தில் எந்தக் கிழவி பார்த்தாலும் யாருடையது என்று சொல்லிவிடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஆனால் நூல் நூலாகப் பிரித்துத் திரும்பத் தைத்தால் மறைத்துவிடலாம் என்று நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று இலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு ஒரு குண்டூசி குத்திவைத்துவிட்டு, ஜன்னலை அடைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு சேம்புக் கொல்லைக்குப் போனாள். மத்தியானம் திரும்பும்போது வெயில் தலைக்கு நேரே நின்றது. கோழிகள்கூட ஈரப்பலா மரத்தடியில் அசையாமல் கிடந்தன. பூட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது பூவெண்ணெய் வாசனை, அக்கா தலைக்குத் தேய்க்கிறது. அதற்கடியில், மழைக்குப் பிறகு சுண்ணாம்புச் சுவரிலிருந்து கிளம்புமே, அந்த ஈரமான குளிர்ந்த நெடி. மூன்று இலைகளும் தைத்திருந்தன. குண்டூசிகள் மூன்றும் பிடுங்கப்பட்டு, மேசை விளிம்பில் வரிசையாகக் கிடந்தன.

தையல் முடிந்த இடத்தில் நூலின் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டாள். ஈரமாக இருந்தது.

அடுத்த வீட்டுத் துவாயினேயிடம் சாவி கிடையாது. இருந்தாலும் அகாயிதி வேலியோரம் போய் நின்று, யாராவது வீட்டுப்பக்கம் வந்தார்களா என்று விசாரித்தாள். துவாயினே துணி உலர்த்திக்கொண்டே சிரித்தாள்.

"யாரு வரப்போறா? நீதான் காலைல இருந்து உக்காந்து பாடிட்டே தைக்கறியே. குரல் அப்படியே உங்கக்கா குரலாட்டம் ஆயிடுச்சுடி உனக்கு."

"நான் கொல்லைல இருந்தேன்."

துவாயினே கையிலிருந்த துணியை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பிறகு ரொட்டி அடுப்பில் இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆனாலும் அகாயிதி பிடிவாதக்காரி. புதன்கிழமை எங்கும் போகாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, போர்வையை மடியில் விரித்தபடி உட்கார்ந்தாள். எதிர் ஜன்னலுக்கு வெளியே அக்காவின் சமாதி. வெள்ளையடித்த பலகை, மேலே நான்கு கால் தகரக்கூரை, நிறம் வெளுத்த பிளாஸ்டிக் பூக்கள். பிரித்தாள், தைத்தாள். கடலிலிருந்து காற்றே இல்லை. தகரம் வெயிலில் விரிந்து இடையிடையே முனகியது. எங்கோ ஒரு பன்றி உறுமிவிட்டு அடங்கியது. கஞ்சி போட்ட துணிக்குள் நூல் 'சர்ர்' என்று நுழைந்து போகிற சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தாலாட்டுப் போல இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் வெகுநேரம் இருந்தாள்.

பிறகுதான் தன் கை இரண்டும் மடியில் சும்மா கிடப்பதைப் பார்த்தாள்.

சத்தம் நின்றது.

எழுந்திருக்கப் போனாள், முடியவில்லை. போர்வையின் ஓரம் அவள் பாவாடையோடு சேர்த்துத் தைத்திருந்தது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை. நெருக்கமாக, பொறுமையாக. எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து.

வெறி பிடித்தவள்போல அறுத்து விடுவித்துக்கொண்டு, போர்வையை வாரிச் சுருட்டி முற்றத்துக்கு ஓடினாள். உன்னுடையதை நீயே வைத்துக்கொள், என்னை விடு என்று சொல்லி அந்தப் பலகைமேல் போட்டுவிடுவதாகத்தான் போனாள். கையைக்கூட நீட்டிவிட்டாள். அப்போது இடுப்பில் தொலைபேசி அதிர்ந்தது. மரேதா அனுப்பிய செய்தி. நீங்க தைச்சதைப் போத்திக்கத்தான் ஓடி வர்றேன் என்று எழுதியிருந்தாள்.

அகாயிதி அந்த வரியை மூன்று முறை படித்தாள். வெயிலில் நின்று அழுதாள். ஒரே ஒரு நாள் ஊருக்கு முன்னால் தாயாக நிற்க வேண்டும், அதற்குமேல் எது வந்தாலும் வரட்டும். போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி உள்ளே வந்தாள்.

அதன்பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. வியாழக்கிழமை பிரித்தது பிரித்தபடியே இருந்தது, தைத்தது தைத்தபடியே நின்றது. அன்று இருட்டுவதற்குள் கடைசி இலையும் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. அக்கா விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். உயிரோடு இருந்தபோது எதையும் விட்டுக்கொடுக்காதவள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மரேதா வந்தாள். கழுத்து நிறையப் பூமாலை, கண்ணுக்கடியில் பயணக் களைப்பு. மாப்பிள்ளை பாதிரியாரைப் பார்க்கப் போய்விட்டான். அவள் முதலில் சமாதிக்குப் போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு உள்ளே வந்தாள். அகாயிதி கட்டிலில் போர்வையை விரித்துக் காட்டினாள். தேர்வெழுதிய பிள்ளைபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மரேதா ஒரு இலையின் ஓரமாக விரலை ஓட்டினாள். "எல்லாம் நீங்களே தைச்சதா?"

"நானேதான்."

"அழகா இருக்கு சின்னம்மா," என்றாள் மெதுவாக. குனிந்து துணியை முகர்ந்தாள். கண் கலங்கியது. தலை சுற்றுகிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லி, போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

இன்னும் சின்னம்மாதான். பரவாயில்லை, நாளைக்கு ஊரே பார்க்கப் போகிறது என்று அகாயிதி தேற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தேங்காய் துருவினாள். துருவலைத் துணியில் கட்டிப் பால் பிழிந்தாள். வெளியே உச்சிவெயில். கோழிகள் அசையவில்லை. காற்று இல்லை.

யாரோ பாடினார்கள்.

மெல்லிய குரல். வார்த்தையில்லாமல், மூக்காலேயே. மரேதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேலிக்கு அந்தப்பக்கம் மத்தியானந்தோறும் கேட்ட தாலாட்டு.

பால் தரையில் கொட்டியது. அவள் குனியவில்லை. நடந்தாள். நடைவழியில் பூவெண்ணெய் வாசனை. ஈரச் சுண்ணாம்பு நெடி. அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

நாற்காலியில் ஒரு கம்பளி இருந்தது. நான்காக மடித்து, ஓரம் பார்த்துச் சீராக வைத்திருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே மண். மண்ணுக்கடியில் புலியின் முகம்.

கட்டிலைப் பார்க்கவேண்டாம் என்று நினைத்தாள். பார்த்தாள்.

மரேதா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் முதுகோடு ஒட்டி, போர்வை இன்னொரு ஆள் நீளத்துக்கு மேடிட்டிருந்தது. அகாயிதி பாய்ந்து ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஓரம் இல்லை. காலடியில் இல்லை. பக்கவாட்டில் இல்லை. கோணிப்பையைத் தைப்பதுபோலச் சுற்றிலும் தைத்து மூடியிருந்தது. அவள் தைத்த இலைகள் அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"மரேதா, எழுந்திரும்மா. அம்மா வந்துட்டேன். அம்மா சொல்றேன்ல, எழுந்திரு."

வாழ்நாளில் முதன்முறையாக அந்தச் சொல்லைத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மரேதா கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். "சத்தம் போடாதீங்க சின்னம்மா. அம்மாவுக்கு எண்ணிக்கை தப்பிடும்."

கத்தரிக்கோல். எங்கே கத்தரிக்கோல். மேசையில் இல்லை. நகத்தால் கீறினாள். நூல் விடவில்லை. தாலாட்டு நிற்கவில்லை.

போர்வைக்குள்ளிருந்து ஊசிமுனை மேலே வந்தது. பளிச்சென்றது. திரும்ப இறங்கியது. மரேதாவின் கன்னத்தருகே ஒரு தையல். வாயருகே ஒன்று. சிரிப்பு மறைந்தது. நெற்றி மறைந்தது. நூல் இறுகியது.

உள்ளே இரண்டு பேர் மூச்சு விட்டார்கள். பிறகு ஒருவரும் விடவில்லை.

டக்.

நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்த சத்தம்.