திரைக்குப் பின்னால் ‘ங்க’ இல்லை

கோவையிலிருந்து தில்லிக்குப் போகும் காலை விமானத்தில் நான் நடுத்திரையைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருப்பேன். திரைக்கு முன்னால் என் உடை மாந்தளிர் நிறம். அந்தப் பக்கம் கால் வைத்ததும் அதே துணி மஞ்சளாகிவிடும். நிறமாறித் துணி என்று பெயர். கசங்காது, இஸ்திரி வேண்டாம், நல்ல துணிதான். ஆனால் துணியோடு என் வாயும் மாற வேண்டும். முன்னால், “தண்ணி எடுத்துக்குங்க சார், வேற ஏதாச்சும் வேணுங்களா?” பின்னால், “தண்ணி வேணுமா? காசு கட்டு.”

முன்பக்கம் மேகலா, பின்பக்கம் சிட்டு. மேகலா எல்லா வசதிகளும் உள்ள தாய் நிறுவனம். சிட்டு அது பெற்ற மலிவுக் கட்டணக் குட்டி. மின்கல விமானங்கள் வந்த பிறகு இரண்டையும் தனித்தனியாகப் பறக்கவிடக் கட்டுப்படியாகவில்லை. ஒரே விமானம், நடுவில் ஒரு திரை, இரு பக்கமும் ஒரே பணியாளர்கள் என்று ஆக்கிவிட்டார்கள். சிட்டுவில் டிக்கெட் என்பது உடம்பை ஏற்றி இறக்குவதற்கு மட்டும். இருக்கையைச் சாய்க்க, சன்னலைத் திறக்க, தண்ணீர் குடிக்க, எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம். மரியாதைக்கும்தான்.

சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தவள்தான். ‘எங்கள் வானத்தில் எல்லோரும் நீங்கள்’ என்பது மேகலாவின் விளம்பரம். சிட்டு வந்ததும் மேகலாவின் வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். நாங்கள் முழுக் கட்டணம் கொடுத்து வாங்கும் ‘வாங்க, உக்காருங்க’ பின்னால் இருப்பவனுக்கு ஏன் சும்மா கிடைக்க வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து பின்பக்கம் ‘நீ’தான். வேண்டுமானால் இருக்கைத் திரையைத் தொட்டு மரியாதைப் பொதி வாங்கிக்கொள்ளலாம். தரை இறங்கும்வரை நீங்க, வாங்க எல்லாம் உண்டு.

கோவைப் பெண்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்ததே எங்கள் வாயில் ஊறிப்போன அந்த ‘ங்க’வுக்காகத்தான். பின்பக்கத்தில் அதுவே வினையாகிவிட்டது. சென்னைப் பெண்கள் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு ‘இல்லீங்க’ என்றுதான் வரும். காசு கட்டாதவரிடம் சொல்லும் ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் கசிவு என்று பெயர். காதில் செருகிய செவிமணி உடனே ‘டிங்’ என்று அடித்துத் தலைமையகத்துக்கும் சொல்லிவிடும். “மன்னிச்சுக்குங்க” என்பேன், அதற்கு இன்னொரு டிங். வேலாத்தாள் என்ற என் பெயரை மறந்துவிட்டுக் கசிவு ராணி என்றே கூப்பிட்டார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முகத்தைப் பார்த்தால்தான் ‘ங்க’ வருகிறது. அதனால் பின்பக்கத்தில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இருக்கை எண்ணைப் பார்த்து, எண்ணிடம் பேசுவேன். சில மாதங்களில் செவிமணி வாயை மூடிக்கொண்டது. பயிற்சிக் கூடத்தில் என் படத்தை மாட்டினார்கள். உள்ளபடி சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் சிட்டுவைத் தனியாகப் பிரித்துவிடலாமா என்ற பேச்சு இயக்குநர் குழுவில் வந்தது. கசிவு நிற்கவில்லை, பின்பக்கத்தால் முன்பக்கத்தின் பெயர் கெடுகிறது, எனவே பிரித்துவிடு என்றது ஒரு கட்சி. ஒரே விமானம், ஒரே ஆட்கள் என்பதால்தான் இரண்டும் பிழைக்கின்றன, பிரித்தால் இரண்டும் படுத்துவிடும் என்றது மற்றது. எங்களுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. பிரித்தால் பணியாளர்களில் இளையவர்கள் எல்லோரும் சிட்டுக்குப் போக வேண்டும். மேகலாவில் பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பு உண்டு, சிட்டுவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னோடு பறக்கும் நூர்ஜகானுக்கு இப்போதுதான் நாள் தள்ளியிருந்தது.

கடைசியில் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒரு பயணம் முழுக்க ஒரு கசிவுகூட இல்லாமல் ஒரே ஆள் இரண்டு பக்கமும் வேலை செய்து காட்டினால் பிரிக்க வேண்டாம். பிரிக்கச் சொன்ன கட்சியின் தலைவி சௌதாமினி மேடமே சிட்டுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். காட்ட வேண்டியவள் நான்.

“அக்கா, உங்களுக்கென்னக்கா, தூக்கத்துலகூடக் கசியாது” என்றாள் நூர்ஜகான். சொல்லிவிட்டு வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

சோதனை நாளன்று காலை பயணிகள் ஏறினார்கள். சௌதாமினி மேடம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்களோடு பேசிக்கொண்டே போனேன். சாய்க்காதே. சன்னலைத் தொடாதே. காலை மடக்கு. பதினேழு சி-யில் ஒரு துணிப்பை வழியில் நீட்டிக்கொண்டிருந்தது.

“பையக் காலுக்கடியில தள்ளு. பெல்ட்டப் போடு.”

“சரிங்க அம்மிணி” என்றது பதினேழு சி.

அந்தக் குரல் தினமும் எங்கள் வீட்டில் கேட்கும் குரல். பல மாதங்களுக்குப் பிறகு பின்பக்கத்தில் ஒரு முகத்தைப் பார்த்தேன். என் மாமனார் ராக்கியண்ணன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சிரிப்பைக் கட்டி வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் ‘கதவு மூடுகிறது’ என்றால் அதற்கும் ‘சரிங்க’ என்பவர் அவர். தவறான எண்ணுக்கு அழைத்தவனிடம் மன்னிப்புக் கேட்டு, ‘வெச்சர்றேனுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். கல்யாணமான புதிதில், மருமகள் ஊர் ஊராகப் பறப்பதா என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கேட்டபோது, “அது பறக்கறதுக்குப் படிச்சிருக்குதுங்க, பறக்கட்டும்” என்று ஒற்றை ஆளாக நின்றவர். நான் வேலை செய்வதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பார்த்துக்கொள்ளலாம் மாமா என்று நானும் தட்டிக்கழித்துக்கொண்டே இருப்பேன். ஏன் தட்டிக்கழித்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். “தாத்தா, நீங்க சொன்ன உங்க மருமக இவங்கதானா?” என்று அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பின்னாலிருந்து சௌதாமினி மேடத்தின் பார்வை முதுகில் குத்தியது. ‘ஆமாங்க’ என்றால் டிங். ‘வாங்க மாமா’ என்றால் டிங். மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மஞ்சள் துணியைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு மெல்லத் தணிந்தது.

“இல்லீங்க கண்ணு” என்றார் அந்தப் பெண்ணிடம். “ஆள் மாறிப்போச்சுங்க. சாயல் அப்படியே இருந்துச்சு, அதான். என்ற மருமக வேற வண்டியில இருக்குதாட்டம்.”

சொல்லிவிட்டு பெல்ட்டைத் தேடினார். அதைப் போடத் தெரியாமல் தடுமாறினார். கை நீட்டிப் போட்டுவிட எனக்கு அனுமதி இல்லை. கை உதவிக்கும் அங்கே தனிக் கட்டணம். அந்தப் பெண்தான் போட்டுவிட்டாள்.

விமானம் மேலே ஏறியதும் விற்பனை ஆரம்பம். வரிசை வரிசையாகப் போய், தண்ணீர், சாய்வு, சன்னல், மரியாதை என்று கூவ வேண்டும். ஒருவரையும் விடக் கூடாது என்பது விதி. பதினேழுக்கு வந்தேன். எண்ணைப் பார்க்க முயன்றேன், கண் அவர் முகத்துக்குத்தான் போயிற்று.

“மரியாதை வேணும்னா திரையத் தொடு” என்றேன்.

தொட்டுவிடு மாமா, தொட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் தொட்டுவிட்டால் போதும், தில்லிவரை வாயாரக் கூப்பிடலாம்.

“வாங்கிக்குங்க தாத்தா” என்றாள் அந்தப் பெண். “டிக்கெட் எடுக்கறப்பவே மரியாதை வேணுமான்னு கேட்டுச்சாம்ல? மருமக இருக்கற வண்டியில அதுக்கு எதுக்குத் தனியாக் காசுன்னு வேண்டாம்னுட்டீங்களாமே. இப்பத்தான் மருமக இல்லையே!”

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. மாமாவின் விரல் திரைவரை போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மடங்கி மடிக்குத் திரும்பிவிட்டது.

“வேண்டாமுங்க” என்றார் என்னிடம். “எனக்கு இப்படியே இருக்கட்டுமுங்க.”

காசு கொடுத்து அதை என்னிடம் வாங்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தும் அடுத்த வரிசைக்குப் போய், அதே குரலில் கூவினேன். செவிமணி கடைசிவரை அடிக்கவில்லை.

தில்லியில் பயணிகள் இறங்கியதும் சௌதாமினி மேடம் திரைக்கு முன்னால் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பிரமாதம் வேலா! பதினேழு சி உங்க மாமனார்தானே? மறைக்காதீங்க. பயணி விவரத்துல பார்த்தேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர், மருமகள்னு உங்க பேரைக் கொடுத்திருக்கார். மாமனார்கிட்டயே கசியலையே! நான்தான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன். கம்பெனியை எதுக்குப் பிரிக்கணும்? உங்களுக்குள்ளயே ரெண்டும் அழகாப் பிரிஞ்சிருக்கு.”

அவர் மனதாரப் பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

“குழு முன்னால நீங்களே வந்து சொல்லணும். பிரிக்க வேண்டாம், எங்களால முடியும்னு. சொல்வீங்களா?”

“சொல்றேனுங்க மேடம்” என்றேன்.

வழுக்கிக்கொண்டு வந்தது அந்த ‘ங்க’. நாங்கள் நின்றது மேகலா பக்கம். நூர்ஜகான் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுததில் எனக்கும் கண் நிறைந்தது. நான் எதற்காக அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மாமாவை அவள் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறாள்.

செவிமணியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஓடினேன். வெளியே வரும் வழியில், தூண் ஓரமாகத் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். தில்லியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. சாயங்காலம் இதே விமானத்தில் திரும்பிவிடுவதாக டிக்கெட் எடுத்திருந்தார். போக வர என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று.

“மாமா” என்றேன். மேலே வரவில்லை. “மாமா, மன்னிச்சிருங்க. வாங்க, உள்ள போய் காப்பி குடிக்கலாமுங்க. கால் வலிக்குதுங்களா? ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

அடைத்து வைத்ததெல்லாம் கொட்டியது. அவர் பதறிப்போய் இருபுறமும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை என்று உறுதியானதும் என் பக்கம் குனிந்தார்.

“வேண்டாமுங்க அம்மிணி. அந்த நூருப் புள்ள எறங்கறப்ப எல்லாஞ் சொல்லுச்சு. பலபேர் பொழப்பு இதுல இருக்குதாமா.”

“அது விமானத்துக்குள்ளதானுங்க மாமா. இங்க யாரும் கேக்க மாட்டாங்க.”

“அதுக்கில்லீங்க. சாயங்காலம் இதே வண்டியிலதான நானும் வர்றேன்? இப்ப மாத்திப் பேசிப்போட்டு, அங்க வந்து வாய் தவறிப்போச்சுன்னா?” குரலை இன்னும் தாழ்த்தினார். “வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அப்படியே கூப்பிடுங்க அம்மிணி. பழக்கம் விட்டுப்போயிரக் கூடாதுங்க.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, குத்தலில்லை. என் வேலையைப் பற்றிய கவலை மட்டும்தான் இருந்தது. நான் பார்வையை இறக்கி, சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த சீட்டைப் பார்த்தேன். பதினேழு சி.

“வா மாமா, காப்பி குடிக்கலாம்” என்றேன். கொஞ்சமும் தடங்கல் இல்லாமல் வந்தது.

“சரிங்க அம்மிணி” என்று சொல்லி அவர் என் பின்னால் நடந்து வந்தார்.