கரையாத கட்டி

வைகை அணையில் தண்ணீர் வற்றியதும், மீன்பிடிக்கும் இரும்புப் படகைக் கரையில் இழுத்துக் கவிழ்த்தார் கயலின் அப்பா நாகராஜ். அடிப்பக்கத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

படகின் அடியில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு மெக்னீசியம் கட்டிகள் உண்டு. படகைக் கவிழ்க்கக் கைகொடுத்து நின்ற வெல்டர் சுயம்புலிங்கம் மாமா பொருத்தியவை. தண்ணீரில் கிடக்கும்போது இரும்பைத் துரு தின்பதற்குப் பதிலாக அந்தக் கட்டிகள் கரையும். கட்டி கரையக் கரைய, படகு பத்திரம்.

வலப்பக்கக் கட்டி பாதி கரைந்திருந்தது. அங்கே துருவே இல்லை. பாசி படிந்த இடப்பக்கக் கட்டியோ வைத்தது வைத்தபடி இருந்தது. அதைச் சுற்றி இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது.

"ஒண்ணு நல்லது, ஒண்ணு போலியா? என்னைய ஏமாத்திப்புட்டீக மாப்ள! இனி என் படகுப் பக்கமே வராதீக!" என்று அப்பா கத்தினார்.

மாமாவின் முகம் சுண்டிப்போனது. "ரெண்டும் ஒரே பெட்டியில வந்த சரக்கு மச்சான். சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல" என்று பையைத் தூக்கினார்.

கயல் குனிந்து இடப்பக்கக் கட்டியை நகத்தால் சுரண்டினாள். பாசியோடு வெள்ளி நிறத்தில் ஒரு தோல் உரிந்து வந்தது. அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

போன ஆயுத பூசைக்குப் படகு முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். கட்டிகள் மட்டும் அழுது வடிந்தன. 'பாவம், இதுகளுக்கும் நல்லநாள்தானே' என்று யாருக்கும் தெரியாமல் சில்வர் பெயிண்டை எடுத்துப் பூசியவள் கயல்தான். ஒரு கட்டி முடிவதற்குள் டப்பா காலி.

சொன்னால் அப்பா திட்டுவார். சொல்லாவிட்டால்? மாமா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"மாமா, நில்லுங்க! அப்பா, நாந்தேன் அதுக்குப் பெயிண்ட் அடிச்சேன். பெயிண்ட் மூடிக்கிட்டா கட்டி மேல தண்ணி படாதுல்ல? பெறகு எப்படிக் கரையும்?"

அப்பா நம்பவில்லை. கயல் உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்த்தாள். பெயிண்ட் போய், உள்ளே அசல் மெக்னீசியம் பளிச்சிட்டது.

அப்பா ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரப்பட்டுப் பேசிப்புட்டேன் மாப்ள. மனசுல வச்சுக்காதீக."

"விடுங்க மச்சான். இன்னும் ஓட்டை விழல. தகடு வச்சு வெல்டு அடிச்சிருவோம்" என்ற மாமா கயலைப் பார்த்துச் சிரித்தார். "ஏத்தா, சோடிச்சுப் பாக்க ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயா?"

அடுத்த ஆயுத பூசையன்று அப்பா படகுக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். கட்டியிடம் வந்ததும் கை நின்றது.

"ஏத்தா கயலு, இதுக்கு ஒரு பொட்டாச்சும் வைக்கவா?"

"வேணாம்ப்பா" என்றாள் கயல். "அவுக இப்படியே வேலைக்குப் போகட்டும்."