எழுநூறு நாள் சட்டை

ஏற்கெனவே வாங்கிய டீசர்ட்டையே மறுபடியும் கேட்டு ஒருவர் வந்தது, 'எட்டுக்கண்' நிறுவனத்தின் ஆறு ஆண்டுகளில் அதுதான் முதல் முறை.

வந்தவர் பெயர் ஜெரால்டு. கோயம்புத்தூரில் லிப்ட் பழுது பார்ப்பவர். திருப்பூருக்கு வேறு வேலையாக வந்தவர், முகவரி விசாரித்து அனுப்பர்பாளையத்துச் சந்துக்குள் இருந்த அந்த ஒற்றை அறைக் கம்பெனியைக் கண்டுபிடித்திருந்தார். அவர் போட்டிருந்த சட்டையின் கழுத்து தளர்ந்திருந்தது. கறுப்பு வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

"இதே மாதிரி இன்னொண்ணு வேணுங்க. இதே லேஸு, இதே முடிச்சு. சைஸு மட்டும் ஒண்ணு ஏத்திக் குடுங்க. வயிறு வந்திருச்சு."

கம்பெனியை நடத்தும் மதுவந்தி அந்தச் சட்டையைப் பார்த்தாள். அவள் வரைந்ததுதான். ஸ்னீக்கர் ஷூவின் உறுப்புகளைப் பனியன் துணிக்குக் கொண்டுவருவதுதான் எட்டுக்கண்ணின் வேலை. ஷூவில் நாடா கோக்கும் எட்டுத் துளைகளிலிருந்து வந்தது அந்தப் பெயர். இந்தச் சட்டையில் இடது தோளிலிருந்து ஒரு வெள்ளை நாடா எட்டுத் துளைகளுக்குள் நுழைந்து வளைந்து இறங்கி, கீழ்விளிம்பில் பாதி அவிழ்ந்த முடிச்சாக நிற்கும். மேடேறிய மையில் அச்சிட்டது. தொட்டால் நாடாவின் பின்னல் விரலில் படும். அந்த முடிச்சை வரைய அவளுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதற்கு 'அவிழ்ந்தது' என்று பெயர் வைத்திருந்தாள்.

"இத எப்ப வாங்குனீங்க?"

"ரெண்டு வருசம் ஆகப்போவுதுங்க."

"பதினாலு நாள்ல தூக்கிப் போடலையா?"

"எதுக்குத் தூக்கிப் போடணும்? எழுநூறுன்னு போட்டிருக்கீங்களே. இன்னும் ஒரு மாசம் கிடக்குது. துணி அதுக்குள்ள கிழிஞ்சிரும் போல, அதான் வந்தேன்."

அவர் சட்டையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். நீல விளிம்பு போட்ட சிறிய பட்டி. அரசு வாரியத்தின் முத்திரை. அதன் கீழே: சலிப்பு நாள் 700.

சலிப்புமானி புழக்கத்துக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பொருளை அறுபது பேர் முன்னால் வைப்பார்கள். அவர்கள் தலையில் மெல்லிய வலைத்தொப்பி மாட்டி, மூன்று நிமிடம் பொருளைப் பார்க்கச் சொல்வார்கள். முதல் பார்வையில் மூளையில் எழும் துடிப்பு எவ்வளவு வேகமாக அடங்குகிறதோ, அதை வைத்து அந்தப் பொருள் சராசரியாக எத்தனை நாளில் அலுத்துப்போகும் என்று கருவி கணித்துவிடும். ஆரம்பத்தில் இது விளம்பரப் பொய்களுக்கு எதிரான ஆயுதமாகத்தான் வரவேற்கப்பட்டது. பிறகு சட்டமாயிற்று; அளந்து எண் கொடுக்க வாரியமும் வந்தது. விற்கப்படும் எதுவும் தன் சலிப்பு நாளைச் சொல்லாமல் விற்கப்படக் கூடாது. தேநீர்க் கோப்பைக்கு நாற்பது. திரைச்சீலைக்கு இருநூற்றிருபது. சினிமாப் பாட்டுக்கு ஆறு. சில வீடுகளில் பெண் பார்க்கும்போதே மாப்பிள்ளைக்கு வலைத்தொப்பி மாட்டியதாகச் செய்தி வந்தது; வாரியம் அதை ஊக்குவிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. குறித்த நாள் வந்தது, அலுத்தது, அவ்வளவுதான். அலுத்ததைப் போடுவதற்குத் தெருமுனைதோறும் பச்சை நிறத்தில் 'விடுபெட்டி'கள் நின்றன. வெளியே போகும்போது உடுத்தும் டீசர்ட்டுகளின் சராசரி ஒன்பது நாள். திருப்பூர் அந்தப் பத்தாம் நாளுக்காக மூன்று ஷிப்டு ஓடியது.

ஒன்பது நாள் சட்டையைப் பெரிய கம்பெனிகள் தண்ணீர் விலைக்குக் கொடுத்தன. மதுவந்தி போன்ற சிறியவர்கள் பிழைக்க வேண்டுமானால் எண் கூட வேண்டும். அவள் தொட்ட உச்சம் முப்பத்தொன்று. 'அவிழ்ந்தது' அவளுக்கு மிகவும் பிடித்தது. வாரியம் அதற்குப் பதினான்கு கொடுத்தது. அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நூறைத் தொட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. நூறைத் தொட்டால், தான் செய்வது வெறும் துணி வியாபாரம் இல்லை என்று ஆகும். தொடாதவரை தனக்குத் திறமை இருக்கிறதா என்பது அவளுக்கே தெரியாது.

ஜெரால்டு போனதும் அவள் துளசிமணியைக் கூப்பிட்டாள். துளசிமணிக்கு ஐம்பது வயது. எட்டுக்கண்ணின் செக்கிங், பேக்கிங் இரண்டுக்கும் அவள்தான். தைப்பது, பக்கத்துத் தெருவில் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில். அங்கே ஏழெட்டுக் கம்பெனிகளின் பட்டிச் சுருள்கள் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கும்; எட்டுக்கண்ணுக்கானதை உருவிக் கொடுப்பதும் துளசிமணிதான்.

"நெம்பர் எவ அம்மணி பாக்கறா?" என்றாள் துளசிமணி. "ஓர நூலுப் பாத்துத்தான் உருவறது. நம்மளுது நீலம். லாட்ஜுக்குப் பெட்சீட் தைக்கறானே, அவனுதும் நீலம்னு எனக்குக் கனவா வந்துச்சு?"

"பெட்சீட்டுக்கு எழுநூறா?"

"அதப் பாத்துட்டு எவன் படுக்கறான். கண்ண மூடிக்கறான். அதான் எழுநூறு."

தவறி உருவிய அந்தச் சுருளில் தைத்தவை இருநூற்று நாற்பது. வாங்கியவர்களின் எண்கள் பதிவேட்டில் இருந்தன. இருவரும் நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். இருநூற்று இருபத்தாறு பேர் பேசினார்கள். அவர்களில் இருநூற்று ஒன்பது பேர் அந்தச் சட்டையை இன்னும் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரூரில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டுதான் கார் வாங்கப் போனாராம். திண்டுக்கல்லில் ஒரு பெண், விவாகரத்தின்போது கணவன் கேட்டும் கொடுக்கவில்லை என்றாள்.

"அப்ப மிசினுதான் பொய்யி, நம்ம டிசைன் கெட்டி," என்றாள் துளசிமணி. "அறுவது பேர்த்த உக்கார வெச்சுத் தொப்பி போட்டானே, அவனுகளுக்கு என்ன தெரியும், நூறு ரூவா பேட்டாவுக்கு வந்தவனுக."

மதுவந்தி சிரித்தாள். அந்த ஒரு வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். வேலை செய்யும் மேசைக்கு மேலே 'அவிழ்ந்தது' சட்டை ஒன்றை மாட்டி வைத்தாள். வருகிறவர்களிடம் அதைக் காட்டிப் பேசினாள். ஆனால் அவள் பொறியியல் படித்தவள். டிசைன், பட்டி என இரண்டு காரணங்கள் இருக்கும்போது பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வது அவளுக்கு உறுத்தியது.

அதனால் இருநூறு சட்டை மறுபடியும் தைத்தாள். அதே துணி, அதே மை, அதே முடிச்சு. இந்த முறை சரியான பட்டி: பதினான்கு. வாங்கியவர்களைப் பதினைந்தாம் நாள் கூப்பிட்டாள். நூற்று எண்பத்தெட்டுப் பேர் சட்டையை விடுபெட்டியில் போட்டிருந்தார்கள். நல்ல சட்டைதான், ஆனால் அலுத்துவிட்டது என்றார்கள். அவர்கள் குரலில் பொய் இல்லை.

அடுத்து அவள் இன்னொன்று செய்தாள். பழைய விலைப்பட்டியல் ஒன்றிலிருந்து யாருடையதோ ஒரு ஷூ படத்தை எடுத்து, நெஞ்சுக்கு நடுவே சதுரமாக ஒட்டி, பற்பசை நிறத்தில் அச்சடிக்கக் கொடுத்தாள். வடிவமைக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. வாரியம் அதற்கு மூன்று நாள் கொடுத்தது. அவள் அதில் எழுநூறு பட்டியைத் தைக்கச் சொன்னாள்.

"மாட்டுனா உள்ள போடுவானுக அம்மணி."

"தெரியும்க்கா."

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டபோது, இருநூறில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் நீண்ட குறிப்பு எழுதியிருந்தார். அந்த ஷூ படம் தினமும் தனக்குப் புதிதாக ஏதோ சொல்வதாகவும், அதன் எளிமைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருப்பது தெரிவதாகவும், வடிவமைத்தவரை நேரில் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார்.

மதுவந்தி அதை இரண்டு முறை படித்தாள்.

"என்ன எழுதியிருக்கறான்?" என்றாள் துளசிமணி.

"பாராட்டியிருக்காருக்கா."

"நல்லதுதான. மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

"அந்த முடிச்சுல ஒண்ணுமே இல்லக்கா. எது வரைஞ்சிருந்தாலும் ஒண்ணுதான்."

துளசிமணி மடித்த சட்டைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

கோயம்புத்தூரில் இருந்த வாரியத்தின் மண்டல அலுவலகத்தில், துணை இயக்குநர் நித்யகல்யாணி, மதுவந்தி தன் சோதனைகளைப் பற்றி எழுதிக் கொண்டுவந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாக நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்கம்மா. எங்க ஆளுங்களவிடச் சுத்தமா இருக்கு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"ஏழு வருசமாத் தெரியும். முதல் மூணு வருசம் கருவி சரியாத்தான் சொல்லிச்சு. அப்புறம் ஜனங்க பட்டியைப் படிக்கப் பழகிட்டாங்க. இப்ப எண் முன்னாடி போகுது, மூளை பின்னாடி போகுது. கருவியை இன்னும் ஓட்டறோம். வேலைக்கு எடுத்த ஆளுங்க இருக்காங்க இல்லையா."

"அப்ப எடுத்துடலாமே. பட்டி இல்லாம விக்கட்டும்."

"எடுத்துப் பாத்தோம். சின்ன ஊர் ஒண்ணு, பேரு வேண்டாம். முப்பது நாள், எந்தப் பொருள்லயும் எண் கிடையாது. என்ன ஆச்சு தெரியுமா? விக்கலை. கடையில ஒரு சட்டையைக் கையில எடுத்துட்டு அப்படியே நின்னாங்க. இது எனக்குப் பிடிச்சிருக்கான்னு கடைக்காரரைக் கேட்டாங்க. வீட்ல இருக்கறதையும் தூக்கிப் போட முடியல, வெச்சுக்கவும் முடியல. ஒருத்தர் எங்க அலுவலகத்துக்கே வந்து, 'என் சோபா எனக்கு அலுத்திருச்சா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க'ன்னு அழுதாரு. இருபதாம் நாளே பட்டியைத் திரும்பக் குடுத்துட்டோம்."

மதுவந்தி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் எழுநூறு போட்டா?"

"உங்க ஊர்ல எத்தன தையல் மிசின் நிக்கும்னு நீங்களே சொல்லுங்க." நித்யகல்யாணி அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். "பொய்ப் பட்டிக்கு உங்க மேல வழக்குப் போடணும். போடலை. இத எங்க வேணாலும் வெளியிடுங்க, நாங்க தடுக்கப் போறதில்ல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் பேருந்தில் திரும்பும்போது அவளைக் கோபப்படுத்தியது. அன்றே எழுத உட்கார்ந்தாள். எண்களை அடுக்கினாள், ஜெரால்டின் சட்டையைச் சொன்னாள், ஈரோட்டு ஆசிரியரின் கடிதத்தை, பெயரை மட்டும் விட்டுவிட்டு முழுசாகச் சேர்த்தாள். அலுப்பு உங்களுடையதல்ல, உங்களுக்குத் தைத்துத் தரப்பட்டது என்று முடித்தாள். மாநிலத்திலேயே அதிகம் பேர் படிக்கும் செய்தித்தாள் அதை ஒரு திங்கட்கிழமை முதல் பக்கத்தில் வெளியிட்டது.

செய்தித்தாளும் விற்கப்படும் பொருள்தான். சட்டப்படி ஒவ்வொரு செய்தியின் தலைப்புக்கு மேலும் வாரியத்தின் முத்திரை இருக்கும். மதுவந்தியின் கட்டுரைக்கு மேலும் இருந்தது: சலிப்பு நாள் 2. அவள் அதைப் பார்த்தாள். மற்ற செய்திகளுக்கு அரைநாள்தான் போட்டிருந்தது. இரண்டு என்பது அதிகம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை முழுக்க ஊர் கொதித்தது. அவிநாசி சாலை டீக்கடைகளில் கட்டுரையைச் சத்தமாக வாசித்தார்கள். டவுன் பஸ்ஸில் ஒரு பெண் கத்தரிக்கோல் எடுத்துத் தன் சுடிதாரின் பட்டியை வெட்ட, பின்னால் இருந்தவர்கள் கத்தரியை வாங்கி ஒவ்வொருவராகத் தங்கள் பட்டியை வெட்டிக்கொண்டார்கள். விடுபெட்டிகளுக்குள் கைவிட்டுத் தங்கள் பழைய சட்டைகளைத் தேடினார்கள். செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சிகளில் விவாதம். ஒரு அமைச்சர் விசாரணைக் குழு என்றார். எட்டுக்கண்ணின் வாசலில் நான்கு கேமராக்கள் நின்றன. துளசிமணி புடவை மாற்றிக்கொண்டு வந்து, ஓர நூலின் கதையை ஆறு முறை சொன்னாள். ஜெரால்டு தொலைபேசியில், "உங்களால இப்ப நான் பெரிய ஆளுங்க, லிப்ட்டுக்குள்ளயே போட்டோ எடுக்கறாங்க," என்றார்.

புதன்கிழமை காலை மதுவந்தி கம்பெனிக்கு வரும்போது வாசலில் யாரும் இல்லை. தெருமுனை விடுபெட்டி திங்கட்கிழமைப் பேப்பர்களால் நிறைந்து, மூடி தூக்கிக்கொண்டு நின்றது. டீக்கடையில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இந்த வாரம் என்ன அடிக்கறது அம்மணி?" என்றாள் துளசிமணி. பழைய புடவையில் இருந்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ளயா? முந்தாநாள்தான் வந்துச்சு."

"வந்துச்சு, பேசியாச்சு. அதையே எத்தன நாளைக்கு?" துளசிமணி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மதுவந்திக்கு ஆத்திரம் வந்தது. மேசையில் கிடந்த திங்கட்கிழமைப் பேப்பரை எடுத்துப் பிரித்தாள். இவளை உட்கார வைத்துப் படித்துக் காட்ட வேண்டும், ஒரு வரி விடாமல், என்று நினைத்தாள். முதல் பத்தியைப் படித்தாள். எல்லாம் உண்மை. இரண்டாம் பத்தியில் பாதி வந்தபோது கண் தானாக ஓரத்துக்கு, அங்கிருந்த சோப்பு விளம்பரத்துக்குப் போனது. இழுத்துக்கொண்டு வந்தாள். மறுபடி போனது. ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் யாரோ எப்போதோ எழுதிய பழைய சங்கதி போல இருந்தது. இதற்கா இவ்வளவு கோபப்பட்டோம் என்று தோன்றியது.

அவள் பேப்பரை மடித்தாள். எழுந்துபோய் அதை விடுபெட்டியில் திணித்து, மூடியைக் கையால் அழுத்திவிட்டு வந்தாள்.

"ஒம்பது நாளாட்ட ஏதாச்சும் போடலாம்க்கா," என்றாள்.